வெட்டு மிச்சம்: ஒட்டுத்துணியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தாம்பரம் சானடோரியத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கும் ஏற்றுமதி வளாகத்தை அக்கம்பக்கத்து ஜனங்கள் ‘மெப்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். 1984ல் மெட்ராஸ் ஏற்றுமதி மண்டலமாக வந்தது. 2003ல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாறியது. இந்தப் பெயர் மாற்றத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆவது பிரிவு. அதன்படி இப்படிப்பட்ட மண்டலம், அங்கே அனுமதிக்கப்பட்ட தொழிலைப் பொறுத்தவரை, இந்தியச் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கும் நிலமாகக் கருதப்படும். அங்கே மின்னணு, மென்பொருள் என்று பலதும் உண்டு. ஆயத்த ஆடை ஒரு பகுதிதான். ஆனாலும் ஆயத்த ஆடையில்தான் இந்தச் சட்டக் கற்பனையின் விசித்திரம் கண்ணில் படுகிறது. உள்ளே ஒரு சட்டையின் கழுத்தை வளைத்து வெட்டும்போது விழுகிற கையகலத் துண்டு, கேட்டைத் தாண்டி சாலைக்கு வந்தால் அது இறக்குமதிச் சரக்கு. சட்டத்தின் தர்க்கத்தில், அந்தத் துண்டு அந்நிய தேசத்திலிருந்து தாம்பரத்துக்கு வருகிறது. அதை வெட்டிய, தைத்த பெண் மட்டும் காலையில் மின்சார ரயிலில் இங்கிருந்து போய் சாயங்காலம் இங்கேயே திரும்புகிறாள்.

இந்தத் துண்டைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். “அட, இதுல என்ன வரலாறு இருக்கு?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒட்டுப்போட்டுத் தைப்பது, சின்னச் சின்ன மிச்சத் துணிகளில் தலகாணி உறையும் கால்மிதியும் பிடிதுணியும் செய்வது: இதெல்லாம் பெண்கள் பத்திரிகையின் கடைசிப் பக்கச் சமாச்சாரம் என்பது அவருடைய கட்சி. கடைசிப் பக்கத்துக்கு அனுப்பப்பட்டவற்றின் வரலாற்றை எழுதுவதுதான் நம் வேலை என்று பத்துப் பதினைந்து வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பேச்சில் துணி ஏன் வரவில்லை என்பதே ஒரு கேள்வி.

முதலில் சொல். தமிழில் ‘கந்தை’ இருக்கிறது. வடமொழிக் கந்தாவும், வங்காளத்துப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுச் செய்யும் காந்தாவும் இதே சொற்குடும்பம். ஆனால் கந்தை என்பது உடுத்தி உடுத்தி நைந்து போன துணி. உடம்பில் கிடந்து தேய்ந்தது. நான் பேசுகிற துண்டு வேறு. அது புதுசு, ஒரு நாள்கூட உடம்பில் படாதது. துணியை உடம்பின் வடிவத்துக்கு வெட்டும்போது, வடிவத்துக்கு வெளியே விழுந்தது. இதற்குத் தமிழில் மரியாதையான சொல் கிடையாது. ‘வேஸ்ட்டு’ என்கிறோம், ‘கட்டிங்’ என்கிறோம். டெய்லர் கடையில் ‘வெட்டுத்துணி’ என்பார்கள். சொல் இல்லாததற்குக் காரணம் உண்டு. சேலையும் வேட்டியும் துண்டும் தறியிலிருந்து இறங்கியபடியே உடுத்தப்படுபவை. வெட்டாத உடைக்கு மிச்சம் கிடையாது. துணி செவ்வகம், உடம்பு செவ்வகம் இல்லை. இரண்டையும் கத்தரியால் சமாதானம் செய்ய வரும்போதுதான் மிச்சம் பிறக்கிறது. ரவிக்கையும் சட்டையும் பரவலான பிறகு, அதுவும் தையல் மிஷின் வந்த பிறகு, நம் வீடுகளுக்குள் வந்த பொருள் இது. ஆயத்த ஆடைத் தொழிலில் வெட்டும்போது வீணாகும் துணி நூற்றுக்குப் பதினைந்து என்று பொதுவாகச் சொல்வார்கள். உடுப்பைப் பொறுத்து அது கூடும், குறையும்.

தையல் மட்டும் நமக்குப் புதிதில்லை. சிலப்பதிகாரத்து இந்திர விழவூரில் துன்னகாரர் இருக்கிறார்கள். பொருநராற்றுப்படையில் வரும் பொருநனின் உடை பற்றிய பகுதியை எம்.ஏ. வகுப்பில் ‘வறுமை வருணனை’ என்று ஒரு வரியில் கடந்து போனார்கள். பேனும் ஈரும் குடியிருக்கிற, வேர்வையில் நனைந்த, வேறு வேறு நூல் நுழைத்துத் தைத்த சிதார் அது. கரிகாலன் அதை நீக்கி, பாம்புரி போல நூல் போன வழி தெரியாத மெல்லிய துணியைக் கொடுக்கிறான். இழை தெரியாத துணி அரசனுடையது. தையல் தெரிகிற துணி பொருநனுடையது. ஒட்டு என்பது இங்கே களைய வேண்டிய அவமானம். கொடையின் பெருமை நிற்பதற்கு அந்த ஒட்டுத்துணி முதலில் வர்ணிக்கப்பட்டாக வேண்டும்.

இதற்கு நேர் எதிரான மரபு ஒன்றும் இருந்தது. பௌத்த பிக்குகளின் சீவரம் துண்டு துண்டாக வெட்டித் தைத்தது. மகத நாட்டு வயல்களின் வரப்பைக் காட்டி இதுபோல ஒரு ஆடை அமைக்க முடியுமா என்று புத்தர் கேட்க, ஆனந்தர் அதை வடிவமைத்ததாக விநய நூல் சொல்கிறது. குப்பையிலிருந்து பொறுக்கிய துணியைக் கழுவிச் சாயமிட்டுத் தைப்பதற்குப் பாம்சுகூலம் என்று பெயர். நல்ல துணி கிடைத்தாலும் வெட்டித்தான் தைக்க வேண்டும். வெட்டிய துணிக்கு விலை போகாது, திருடனுக்கும் அதில் ஆசை வராது என்பது காரணம். பரிமாற்ற மதிப்பை வேண்டுமென்றே அழித்துப் பயன் மதிப்பை மட்டும் மிச்சம் வைக்கிற தையல் என்று இன்றைய பாஷையில் சொல்லலாம். மணிமேகலையின் காஞ்சியில் இந்த ஆடை தெருவில் நடந்திருக்கும். சைவம் அதைத் துரத்தியபோது கூடவே ஒட்டுத்துணியின் இந்த இன்னொரு அர்த்தமும் போயிற்று என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ஒட்டுத்துணியை உடனே கொண்டாட ஆரம்பிப்பவர்கள் மனுவின் பத்தாம் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். சண்டாளர் செத்தவர்களின் துணியைத்தான் உடுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. பழந்துணி ஒரு சாராருக்கு விதியாகவே எழுதப்பட்ட நாடு இது. 1927ல் மகாடில் அம்பேத்கர் பெண்களிடம் புடவை கட்டும் முறையையும், சாதியைக் காட்டிக்கொடுக்கும் நகைகளைக் கழற்றிவிடுவதையும் பற்றித் தனியாகப் பேசினார் என்றால் சும்மா இல்லை. தென் திருவிதாங்கூரில் தோளில் ஒரு சீலை போடுவதற்கே 1822லிருந்து 1859 வரை அடிதடி நடந்தது. இந்த வரலாறு உள்ள இடத்தில், ‘கந்தலில் அழகு காணுங்கள்’ என்று தெற்குப் புறநகரின் புதுக் கடை ஒன்றில் ஒட்டுத்துணிக் குர்தாவுக்கு விலைச்சீட்டுத் தொங்கினால், யார் அதைப் போட்டுக்கொண்டு பெருமையாகத் தெருவில் போக முடியும், யாருக்கு அதே ஒட்டு பழைய காயமாக இருக்கும் என்று கேட்டாக வேண்டும்.

இனி நம் கடற்கரைக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் நடந்த கதை. 1639ல் கும்பினி இந்தக் கரையில் இடம் வாங்கியதே துணிக்காக. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் கையால் எழுதிய சோழமண்டலக் கரைத் துணிகள் இங்கிலாந்தில் படுக்கையறை வரை போயின. அங்கே கம்பளி, பட்டு நெசவாளர்களுக்கு வயிற்றில் அடி. 1700ல் ஒரு தடைச் சட்டம்; அது போதாமல் 1721ல் இன்னொன்று. இடையில், 1719ல், லண்டன் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் போகும் பெண்கள் உடுத்தியிருந்த காலிகோ ஆடைகளைக் கிழித்தெறிந்தார்கள், மை ஊற்றினார்கள். (வேலையிழந்த ஆண்களின் கோபம் எப்போதும் பெண்ணின் துணியில்தான் வந்து முடிகிறது.) 1721ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்ட, சாயமிட்ட பருத்தித் துணியை உடுத்தினால் ஐந்து பவுண்டு அபராதம், விற்றால் இருபது பவுண்டு. படுக்கை, நாற்காலி, திரைச்சீலையில்கூட கூடாது. 1774 வரை இது நீடித்தது.

தடை செய்த பொருளுக்குத்தான் மதிப்பு. பழைய ஆடையின் மிச்சம், திரைச்சீலையின் ஓரம் என்று எது கிடைத்தாலும் அதை எறிய மனசு வரவில்லை. இங்கிலாந்தில் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளில் ஒன்று லெவன்ஸ் ஹால் மாளிகையில் இருக்கிறது. 1708 வாக்கில் செய்தது. இந்தியச் சீட்டித் துணியின் துண்டுகளை எண்கோணமாகவும் சிலுவையாகவும் வெட்டிச் சேர்த்தது. பிற்பாடு, சீட்டியிலிருந்து ஒரு பூவை, ஒரு பறவையை மட்டும் கத்தரித்து வெள்ளைத் துணியில் வைத்துத் தைக்கும் முறையும் பரவியது. ஒரு முழத்துணியில் இருபது பூக்கள் இருந்தால் அதை ஒரு படுக்கை முழுக்கப் பரப்பிவிடலாம். ஆங்கிலேயச் சீமாட்டியின் ‘வீட்டுக் கலை’ என்று அருங்காட்சியகத்தில் எழுதியிருக்கும் அட்டையில் அந்தப் பூவை எழுதியவனின் பெயர் இருக்காது. அவன் இந்தக் கரைக்காரனாக இருந்திருக்கலாம் என்பதைத்தவிர நாமும் வேறு எதுவும் சொல்ல முடியாது.

பட்டாளத்துக்காரர்களும் தைத்தார்கள் என்பது சுவாரசியமான விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் சீருடைக் கம்பளியின் வெட்டு மிச்சங்களைச் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டி, பட்டாளக் குடியிருப்பில் உட்கார்ந்து போர்வை தைத்திருக்கிறார்கள். குடியை மறக்கச் செய்ய இது உதவும் என்று மேலதிகாரிகளும் மதுவிலக்குக்காரர்களும் ஊக்கம் கொடுத்தார்கள். பரங்கிமலையும் பல்லாவரமும் கண்டோன்மெண்ட் ஊர்கள் என்பதை நினைத்துக்கொண்டே தினமும் அந்த வழியாக ரயிலில் போகிறேன்.

வேலை எப்படி நடக்கிறது என்று தெரியாமல் வேலையின் வரலாறு எழுதுவது நம் பக்கங்களின் பழைய வியாதி. ஆகவே இருபது வருஷம் எக்ஸ்போர்ட் லைனில் தைத்துவிட்டு இப்போது இரும்புலியூர் பக்கம் வீட்டிலேயே தைக்கிற ஒரு அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். புதுசா கத்துக்கிறவங்களுக்கு என்ன சொல்லித் தருவீங்க என்று கேட்டதற்கு, “மொதல்ல போர்வைக்குப் போகாத தம்பி. சட்டி இறக்குற துணி தைச்சுப் பாரு. அது கோணலா வந்தாலும் சட்டி கோவிச்சுக்காது” என்றார்.

கிட்டத்தட்ட ஐந்து அங்குலச் சதுரமாக ஒன்பது துண்டு. அட்டையில் ஒரு அளவு வெட்டி வைத்துக்கொண்டு, அதை வைத்தே எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். ஒரு துண்டை வைத்து இன்னொரு துண்டை வெட்டினால் ஒவ்வொரு முறையும் ஒரு நூல் கூடி, ஒன்பதாவது துண்டு வேறு சைஸுக்குப் போய்விடும். பருத்தியோடு பருத்திதான் சேர்க்க வேண்டும். பனியன் துணி இழுபடும், அதை நெசவுத் துணியோடு சேர்த்தால் சுருங்கி மூஞ்சியைக் காட்டும். பாலியஸ்டர் அடுப்படிக்கு ஆகவே ஆகாது, உருகிக் கையில் ஒட்டும். நல்ல பக்கங்களை ஒன்றை ஒன்று பார்க்க வைத்து, ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தையல். மூன்று மூன்றாகச் சேர்த்து மூன்று வரிசை; ஒரு வரிசையின் தையல் மடிப்பை இந்தப் பக்கமும் அடுத்த வரிசையின் மடிப்பை அந்தப் பக்கமும் இஸ்திரி போட்டுப் படுக்க வைத்தால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றுக்கொன்று பூட்டிக்கொள்ளும். மிஷினைவிட இஸ்திரிப் பெட்டிதான் இதில் குரு என்றார். பிறகு நடுவில் பழைய டர்க்கி டவல் இரண்டு மடிப்பு, அடியில் ஏதாவது கெட்டித் துணி, மூன்றையும் சேர்த்து நடுவிலிருந்து வெளியே ஓட்டுத் தையல். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி குமிழும். கடைசியாக ஓரத்துக்கு உரேப்பாக, அதாவது நெசவுக்குச் சாய்வாக வெட்டிய பட்டி. ஒரு மத்தியானம் போதும். இதையே பதினாறு சதுரமாக்கினால் தலகாணி உறை. நீளப் பட்டிகளாக்கி அடியில் சாக்குத்துணி கொடுத்தால் கால்மிதி.

அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று. லைனில் இருந்த இருபது வருஷத்தில் அவர் ஒரு முழுச் சட்டை தைத்தது கிடையாது. காலர் என்றால் காலர், கைப்பட்டி என்றால் கைப்பட்டி. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். முழு உருப்படி ஒன்றை ஆரம்பித்து முடித்தது இந்தச் சட்டித்துணியில்தான் என்கிறார். வேலைப் பிரிவினை பற்றி நாம் எவ்வளவோ மொழிபெயர்த்திருக்கிறோம். மனிதரைத் துண்டாக்கிய இடத்திலிருந்து விழுந்த துண்டுகளைக் கொண்டே ஒரு ஆள் ஒரு முழுப்பொருளைச் செய்து பார்க்கிறார் என்பது எந்த மொழிபெயர்ப்பிலும் நான் பார்க்காதது. இதைக் ‘கலகம்’ என்று பெயரிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்தத் துண்டுகளுக்கு அவர் இப்போது எடை போட்டுக் காசு கொடுக்கிறார். வளாகங்களிலிருந்து கான்ட்ராக்டர் கைக்குப் போய், ரகம் பிரித்து, கிலோ கணக்கில் மாறி மாறி வருகிற சரக்கு அது. பெரிய துண்டு தையல்காரருக்கு, பனியன் வேஸ்ட் மெக்கானிக் ஷெட்டுக்கு, தூள் பஞ்சு மில்லுக்கு. தான் வெட்டியதைத் தானே விலை கொடுத்து வாங்குகிற கணக்கு.

இதோடு ஒப்பிடத் தக்கது அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் ஜீஸ் பெண்ட். அடிமைகளின் சந்ததியார் வாழும், ஆற்று வளைவுக்குள் அடங்கிய கறுப்பின ஊர். வாக்காளராகப் பதிய மக்கள் கிளம்பியபோது 1962ல் ஆற்றைக் கடக்கும் படகை நிறுத்திவிட்டார்கள். அது மறுபடி ஓடியது 2006ல். அந்தப் பகுதிப் பெண்கள் குடியுரிமைப் போராட்டத்தின் நடுவில், 1966ல், ஃப்ரீடம் க்வில்டிங் பீ என்ற கூட்டுறவை ஆரம்பித்தார்கள். 1972ல் சியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய் தலகாணி உறை தைக்க ஒப்பந்தம் கிடைத்தது. பெரிய கடைகளுக்கு எல்லா உருப்படியும் அச்சில் வார்த்தது போல இருக்க வேண்டும்; ஆகவே வேலை நேரத்தில் அளவு பிசகாமல் தைத்தார்கள். மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் ஊருக்குள் போயின. வீட்டில் அதே கைகள் எந்த அச்சுக்கும் அடங்காத போர்வைகளைச் செய்தன. 2002ல் அவை ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகச் சுவர்களில் ஏறின. நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு விமர்சகர்கள் எழுதித் தள்ளினார்கள். 2006ல் தபால்தலையாகவும் வந்தன. 2007ல் அந்தப் பெண்களில் சிலர் தங்கள் பங்கு சரியாக வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். ஆலிஸ் வாக்கர் 1973லேயே ஒரு சிறுகதையில் இதை முன்கூட்டிப் பார்த்துவிட்டார்: படித்து நகரத்துக்குப் போன மகள் பாட்டியின் போர்வையைச் சுவரில் மாட்டக் கேட்கிறாள், ஊரிலேயே இருக்கும் தங்கையோ அதைப் போர்த்திக்கொள்வாள். அம்மா தங்கைக்குக் கொடுக்கிறாள். நம் இலக்கிய நண்பர்கள் பெரும்பாலும் அந்த மூத்தவளின் கட்சி. நானும்தான், பல நாள்.

நம் கரைத் துணிக்கும் இதில் இன்னொரு பங்கு உண்டு. ‘மெட்ராஸ்’ என்றே பெயர் பெற்ற கட்டம் போட்ட கைத்தறித் துணி நைஜீரியாவின் கலபாரி மக்களிடமும் கரீபியத் தீவுப் பெண்களின் தலைக்கட்டிலும் சேர்ந்தது போல, ஐம்பது அறுபதுகளில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்களின் சட்டையிலும் ஏறியது. துவைத்தால் சாயம் போகும் என்பதையே ‘ரத்தம் கசியும் மெட்ராஸ்’ என்று விளம்பரமாக்கி விற்றார்கள். பிறகு பல கட்டத் துணிகளை ஒட்டுப்போட்ட கோட்டும் கால்சட்டையும் பணக்காரர்களின் கோடை உடை ஆயிற்று. இன்றைக்கு அந்த ஒட்டு மெட்ராஸ் செய்ய மிச்சத்துணி தேவையில்லை. முழுத் துணியைப் புதிதாக நெய்து, அதைச் சதுரமாக வெட்டி, மறுபடி சேர்த்துத் தைக்கிறார்கள். சீவரத்திலும் நல்ல துணியை வெட்டித்தான் தைத்தார்கள். அங்கே விலையை அழிக்க வெட்டினார்கள், இங்கே விலையை ஏற்ற.

மிச்சம் யாருடையது என்ற கேள்விக்கு வருகிறேன். பீட்டர் லைன்பா 1991ல் எழுதிய லண்டனின் தூக்குத்தண்டனைகள் பற்றிய நூலில் இதற்கு ஒரு நீண்ட விடை இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் தையல்காரர் வெட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வது வழக்க உரிமை. அதற்குக் கொச்சையில் முட்டைக்கோசு என்றே பெயர். நெசவாளருக்குப் பாவின் கடைசி நூல்முனை, கப்பல் கட்டும் தச்சருக்குச் செதுக்கிய மரத்துண்டு. கூலி என்பது காசும் இந்த மிச்சமும் சேர்ந்ததுதான். முதலாளித்துவம் காசுக்கூலியை மட்டும் கூலியாக்கியபோது அதே மிச்சம் திருட்டு ஆயிற்று, அதற்குத் தண்டனையும் வந்தது. நம் ஊர் மூலைக்கடை டெய்லர் இன்னும் அந்தப் பழைய உலகத்தில் இருக்கிறார். ரவிக்கைத் துணியில் மிஞ்சியதை அவர் திருப்பித் தருவதும் உண்டு, தராததும் உண்டு, யாரும் போலீசுக்குப் போவதில்லை. ஏற்றுமதி கம்பெனியில் சாயங்காலம் பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

காசுக்கூலியாவது ஒழுங்காக வந்ததா? தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலி 2004க்குப் பிறகு பத்தாண்டு உயராமல் கிடந்தது. தொழிற்சங்கங்கள் நீதிமன்றம் போய், 2014ல் அரசு உயர்த்தி ஆணை போட்டது. முதலாளிகள் அதை எதிர்த்து வழக்காடினார்கள். 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணை செல்லும் என்றது. இடைப்பட்ட காலத்தின் பாக்கியை வாங்குவதற்குத் தனியாக அலைய வேண்டியிருந்தது. வேலையை விட்டுப் போயிருந்தவர்களுக்கு அந்த அலைச்சல் இன்னும் கூடுதல்.

2004 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா நிறுவனம் மீனவப் பெண்களுக்கு மிச்சத்துணியில் சின்னப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. சுனாமிகா என்று பெயர். விற்பனைக்கு இல்லை, அன்பளிப்பாக மட்டும் கொடுப்பது என்ற கொள்கை. நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி. துக்கத்தில் உறைந்த கைகளுக்கு ஊசி ஒரு வேலை கொடுத்தது என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கொடை என்ற சொல் வந்ததும் எனக்குக் கரிகாலனும் பொருநனும் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

1801ல் பிரிட்டிஷ் கப்பல் தளங்களில் மரத்துண்டு எடுக்கும் உரிமையை ரத்து செய்தபோது, அதற்கு ஈடாகத் தினக்கூலியில் ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எடுப்பதற்கு ஒரு உரிமை இருந்தது என்பதையாவது அந்தத் தொகை ஒப்புக்கொண்டது. நம் கோரிக்கைப் பட்டியல்களில் போனஸ் இருக்கிறது, பி.எஃப். இருக்கிறது, கழிப்பறைக்குப் போக நேரம் கேட்பதுகூட இருக்கிறது. நான் பார்த்தவற்றில் வெட்டு மிச்சம் இல்லை. கிலோவுக்கு விலை போகிற சரக்கு அது. யாரோ டெண்டர் எடுக்கிறார்கள், யாரோ கணக்கு எழுதுகிறார்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கேட்க வேண்டியது இலக்கிய விமர்சகன் வேலையா என்று கேட்டால், துன்னகாரரும் துன்னரும் யார் என்று உரையாசிரியரிடம் கேட்டு எழுதி மார்க் வாங்கியவர்கள் நாம், இதையும் கேட்கலாம்.